லேமினேஷன் போட்ட வீரம்

— எல்லாத்தையுமா லேமினேஷன் பண்ணிட்டீங்க?

— ஒண்ணு விடாம, கேசவன் சார். இனிமே தண்ணியில போட்டாலும் ஒண்ணும் ஆகாது. ஆக்சுவலா பெல்ட்டையும் பண்ணச் சொன்னேன். கவருக்குள்ள போகலைன்னுட்டான்.

— அச்சா. அப்புறம் இது இன்னா, செகப்பா பொட்டு?

— அது நான் வச்சது, மிலிட்டரிக்காரரே. ஆயுத பூஜைக்கு. நைனாவோட பட்டாளத்துப் பேப்பராச்சே, வெறுமனே கும்புடக் கூடாதுன்னு சந்தனம் கொழைச்சு, மேல குங்குமம் வச்சேன்.

— சரியா பேர் மேலயும் நம்பர் மேலயும் பார்த்து வச்சிருக்கியேம்மா.

— சாமி படம்னா நெத்தியில வைப்போம். காயிதத்துக்கு நெத்தி எங்க கீதுன்னு யாருக்குத் தெரியும்? மேலால எழுத்து பெருசா இருந்துச்சு. அதான் நெத்தின்னு வச்சிட்டேன்.

— அந்தப் பொட்டுக்கு மேல லேமினேஷன்.

— அது அண்ணாத்த வேலை. காயக்கூட வுடல. மறுநாளே கடைக்குத் தூக்கிகினு போயிட்டாரு.

— ஏ சின்னப்பொண்ணு, சும்மா இருக்கமாட்ட? சார், பாதுகாப்புதானே முக்கியம்?

— டீக் ஹை, டீக் ஹை. இன்னா பக்தவத்சலம் சார், நின்னுகிட்டே பேசறீங்க. நாற்காலியெல்லாம் ஒரு கல்யாணத்துக்கு வாடகைக்குப் போயிருக்கு. படைவீரர் சங்கம் நடக்க வருமானம் வேணுமே. அம்மா, நீ இந்த பெஞ்சுல உக்காரு. சார், நீங்க அதோ அந்த ரெக்சின் மெத்தை போட்ட சீட்டுல உக்காருங்க.

— தேங்க்ஸ் சார். அடியில இன்னா, டங்குன்னுது?

— பயப்படாதீங்க. இந்த ஆபீசுல ஆடாத சீட்டு அது ஒண்ணுதான். பெரிய ஆளுங்க வந்தா அதுலதான் உக்கார வைப்போம். சரி, விஷயத்துக்கு வாங்க. அப்பா தவறி எவ்ளோ நாளாச்சு?

— அடுத்த மாசம் வருஷத் திதி சார். திருப்போரூர்ல இருந்த பழைய வீட்டை வித்தாச்சு. இன்னைக்கு சாயங்காலம் சாவி குடுக்கணும். நாளைக்கு இடிக்கறாங்க. வீட்டுல மிச்சம் இருந்தது இந்தப் பொட்டி ஒண்ணுதான். அப்பா பர்மா சண்டைக்குப் போனப்ப எடுத்துட்டுப் போன டிரங்குப் பொட்டி. உள்ள அவரோட டிஸ்சார்ஜ் பேப்பர், தொப்பி, பெல்ட்டு. ஒரு வீரனோட வரலாறு சார் இது. இதுக்கு ஒரு மரியாதையான இடம் வேணும்.

— கூடுவாஞ்சேரியில நீங்க பெரிய வீடு கட்டியிருக்கறதா கேள்விப்பட்டேனே?

— ரெண்டு மாடி சார். ஆனா ஸ்பேஸ் இல்ல. பையன் அபிஷேக்குக்கு ஒரு கம்ப்யூட்டர் ரூம், பொண்ணு சஹானாவுக்கு டான்ஸ் ரூம்...

— அண்ணி கோவிச்சிகினு பூந்துக்க ஒரு ரூம்.

— சின்னப்பொண்ணு!

— இல்லாததையா சொல்லிட்டேன்? மிலிட்டரிக்காரரே, அண்ணி இன்னா சொல்லிச்சு தெரியுமா? துருப்புடிச்ச பொட்டி வாஸ்துவுக்கு ஆவாதாம். கொசு வருமாம். நானே வச்சிக்குவேன். ஆனா நைனா இருந்த வூடு போனதும் கோயிலாண்ட ஒத்த ரூமு புடிச்சிக்கீறேன். அதுல பூக்கூடைய வச்சா நான் கால் நீட்ட முடியாது. மழை வந்தா கூடையத் தலையில கவுத்துகினு குந்திகினு இருப்பேன். அதுல நைனா பொட்டி நனையணுமா?

— அதனாலதான் சார், ஒரு பொது இடத்துல, கண்ணாடி ஷோகேஸ் செஞ்சு, உள்ள லைட் போட்டு, முன்னாடி ஒரு போர்டு.

— போர்டுல இன்னா எழுதறது?

— எழுதியே கொண்டாந்திருக்கேன். "பர்மா போர் மாவீரர் தனகோடி நினைவுப் பேழை. உபயம்: த. பக்தவத்சலம், கண்காணிப்பாளர், டவுன்ஷிப் அலுவலகம்."

— அதுல உபயம்னு எழுதினது நைனா பேரை வுட பெருசா கீது. கோயில்ல டியூப்லைட்டு வாங்கிக் குடுப்பாங்களே, லைட்டு மேல முழுக்க அவங்க பேரா இருக்கும், வெளிச்சமே வராது. அந்த மாதிரி.

— நீ பூ கட்டற வேலையைப் பாரு. சார், இவ பேசறதை மனசுல வச்சிக்காதீங்க.

— வேற எங்கயும் கேட்டுப் பார்த்தீங்களா?

— கேக்காத இடமா? முதல்ல நான் படிச்ச ஸ்கூல். ஹெட்மாஸ்டர் பொட்டியைத் தட்டிப் பார்த்தார். காகிதத்தை நீங்களே வச்சிக்குங்க, பொட்டியை மட்டும் குடுங்க, வாலிபால் போட்டு வைக்கலாம்னார். அடுத்து எங்க வார்டு கவுன்சிலர். பஸ் ஸ்டாப்புக்கு அப்பா பேரை வச்சிடலாம், பஸ் ஸ்டாப்பை மட்டும் நீங்க கட்டிக் குடுங்கன்னார். அப்புறம் மகாபலிபுரத்துல ஒரு ரிசார்ட். ஹெரிடேஜ்னு சொன்னதும் ஜூஸ் குடுத்தாங்க சார்!

— ஜூஸ் குடுத்துட்டு இன்னா கேட்டாங்கன்னு சொல்லுண்ணா.

— அது... தொப்பியும் பெல்ட்டும் போதும்னாங்க.

— யாருக்கு? கேட்டாண்ட சலாம் அடிக்கிற வாச்மேனுக்கு! வெள்ளைக்காரங்க அவனோட நின்னு போட்டோ புடிச்சிக்குவாங்களாம். இவர் இன்னா கேட்டார் தெரியுமா, மிலிட்டரிக்காரரே? "வாச்மேன் நெஞ்சுல எங்க நைனா பேர் எழுதின பட்டை குத்துவீங்களா?"ன்னாரு. எனக்கு அழுவையே வந்துடுச்சு. பொட்டியத் தூக்குண்ணா, போலாம்னு இழுத்துகினு வந்துட்டேன்.

— சரியான இடத்துக்குத்தாம்மா வந்திருக்கீங்க. முன்னாள் படைவீரனோட பேப்பர் முன்னாள் படைவீரர் சங்கத்துலதான் இருக்கணும். ரூல்படி பார்த்தா அதுதான் முறை. நானே சொல்லிடறேன், எங்களுக்கும் ஒரு பெரிய வீரர் தேவைப்படுது. சிங்கப்பெருமாள் கோயில் சங்கத்துல ரெண்டு பேர் வச்சிருக்காங்க. ஒருத்தருக்கு மெடல் வேற. சுதந்திர தினத்துக்கு அவங்க மேடையில படம் திறந்தா, நாங்க வெறும் முட்டாய் குடுத்துட்டு வர்றோம். எவ்ளோ அவமானம்!

— அப்போ ஷோகேஸ்?

— போட்டுடுவோம். வர்ற ஆகஸ்ட் பதினஞ்சுக்கே மாலை, பேண்டு வாத்தியம், பேப்பர்ல செய்தி. அப்பா போட்டோ கொண்டாந்தீங்களா?

— இதோ சார். இது சின்ன சைஸ். வீட்டு ஹால்ல இதைப் பெருசு பண்ணி, சந்தன மாலை போட்டு, சீரியல் பல்பு எரியுது.

— அடேயப்பா! இன்னா கம்பீரம்! இந்தக் கண்ணைப் பார்த்தாலே தெரியுதே, குண்டு மழையில நின்னவன்னு. இது எங்க எடுத்த படம்?

— பொட்டிக்குள்ள இருந்தது. அப்பாவுக்கு வேற நல்ல படமே கிடையாது சார். வோட்டர் கார்டுல இருக்கற படத்துல வழிப்பறி கேசுல புடிச்சவர் மாதிரி இருந்தார். அதனால கண்ணீர் அஞ்சலி போஸ்டர்லேர்ந்து கருமாதிப் பத்திரிகை வரைக்கும் இதையே போட்டுட்டோம்.

— நான் அன்னிக்கே சொன்னேன், இது நைனா மாதிரியே இல்லியேன்னு.

— வாலிபத்துல எல்லாரும் வேற மாதிரிதான் இருப்பாங்க. சொந்தக்காரங்க அத்தனை பேரும் இன்னா சொன்னாங்க? மூக்கு அப்படியே பக்தாவுக்கு வந்திருக்குன்னாங்களா இல்லையா? பெரியப்பா அழுதே அழுதார்.

— பெரியப்பாவுக்கு ரெண்டு கண்ணுலயும் புரைண்ணா.

— அது இருக்கட்டும் பக்தவத்சலம் சார். உங்களைப் பார்த்தாலும் தெரியுதே. அதே மூக்குதான். சரி, ரூல்படி விவரம் எழுதிக்கணும். பேப்பரை இப்டி குடுங்க. பேர் மேல பொட்டு இருக்கு, நாமளே போட்டுக்கலாம். தனகோடி. நம்பர் அப்புறம். நீங்க இதெல்லாம் படிச்சீங்க இல்ல?

— ஆக்சுவலா... படிக்கலை சார்.

— ஆபீசுல கண்காணிப்பாளர் நீங்க.

— நாள் பூரா அங்க காகிதம்தான் படிக்கறேன். இது அப்பாவோடது. சர்டிபிகேட்டை யாராவது உக்காந்து படிப்பாங்களா சார்? லேமினேட் பண்ணுவாங்க. கும்புடுவாங்க.

— அதுவும் சரிதான். அப்பா சண்டையப் பத்தி இன்னா சொல்லுவாரு? மேடையில பேச வேணும்.

— அதுதான் சார் கஷ்டம். எதைக் கேட்டாலும் "மழைடா, சேறுடா"ம்பார். அவ்ளோதான். ஆனா நான் கொஞ்சம் விரிவா எழுதி வச்சிருக்கேன். ஜப்பான்காரன் ஆறு பேர், அப்பா தனியாளு.

— போன தடவ நாலு பேருன்னியே.

— பொட்டிய மட்டும் எங்களைத் தொடவே விடமாட்டார் சார். கட்டிலுக்கு அடியில இருக்கும். பூட்டு தொங்கும். யாராவது கிட்ட போனா, "இது என்னுது இல்லடா, தொடாதீங்க"ம்பார். எவ்ளோ பற்றில்லாத மனுஷன் பாருங்க! அந்த வாசகத்தையே கருமாதிப் பத்திரிகையில போட்டேன். "இது என்னுடையதல்ல என்று வாழ்ந்த மகான்."

— வாஹ்! இதை மேடையில சொன்னா கைதட்டு அள்ளும். பூட்டைத் திறந்தது எப்போ?

— பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு. அப்பா அரைஞாண் கயித்துல ஒரு சாவி இருக்கும். சாகற வரைக்கும் அவுக்கலை. அதைப் போட்டுப் பார்த்தேன். சேரலை. துருப்புடிச்சிருக்கும்னு சுத்தியால ஒரு போடு போட்டேன்.

— எண்ண வுட்டுப் பாருண்ணான்னேன். கேக்கல. அந்தச் சாவிய நான் எட்த்து வச்சிக்கீறேன், மிலிட்டரிக்காரரே. தோ, என் சுருக்குப் பையில. நைனாவ நான்தான் குளிப்பாட்டுவேன் கடைசி காலத்துல. குளிக்கும்போதுகூட அத இடுப்புல ஒரு கையால புடிச்சிகினே இருப்பாரு.

— சரிம்மா, வச்சிக்க. இப்போ எழுதுவோம். உயரம்... அஞ்சடி பத்து இஞ்சு.

— எவ்ளோ?

— அஞ்சடி பத்தும்மா. ஆறடிக்கு ரெண்டு இஞ்சு கம்மி.

— நைனாவா? எங்க வூட்டு வாசப்படி எனக்கே இடிக்கும். நைனா குனிஞ்சே நான் பார்த்ததில்ல.

— வயசானா குறுகிடுவாங்க சின்னப்பொண்ணு. அதுவுமில்லாம பூட்ஸோட அளந்திருப்பான் வெள்ளைக்காரன்.

— அரை அடிக்கு பூட்ஸாண்ணா?

— எழுதுங்க சார் நீங்க.

— அஞ்சடி பத்து. டீக். முன்னாடி செஞ்ச தொழில்... கடல்ல மீன் பிடிக்கிறது. நீச்சல் நல்லா தெரியும்.

— இது இன்னா கூத்து? மாசி மகத்துக்கு மகாபலிபுரம் போனா ஊரே கடல்ல முங்கும், நைனா செம்புல தண்ணி மொண்டாரச் சொல்லி மணல்ல நின்னு ஊத்திக்குவாரு. நாங்க ஏர் ஓட்டின குடும்பம், மிலிட்டரிக்காரரே.

— அது... பட்டாளத்துல சேரணும்னா நீச்சல் தெரியணும்னு இருந்திருக்கும். அப்பா ஒரு பொய் சொல்லியிருப்பார். நாட்டுக்காக சொன்ன பொய் சார்.

— அச்சா, இதையும் மேடையில வச்சிக்கலாம். அடுத்தது, அங்க அடையாளம். இடது முழங்கைக்குக் கீழ பச்சை குத்தினது. சிலுவை.

— எந்தக் கையி?

— இடது.

— அந்தக் கையப் புடிச்சிதான் நான் நடக்க வச்சேன். சோப்பு போட்டுத் தேய்ச்சேன். அதுல ஒரு மச்சம்கூட கெடையாது.

— அழிஞ்சிருக்கும்.

— பச்சை குத்தினது அழியுமாண்ணா? நீ எத்தன தடவ அந்தக் கையப் பார்த்த? பொங்கலுக்கு வந்து கால்ல வுழுவ, கெளம்பிடுவ. கைய எங்க பார்த்த?

— சார் முன்னாடி இதெல்லாம் தேவையா? சார், அடுத்தது படிங்க.

— மதம்... கிறிஸ்டியன்.

— வெள்ளைக்காரன் காலத்துல எல்லாரையும் அப்படித்தான் எழுதுவான் சார். அவன் வசதிக்கு.

— என்னை அப்டி எழுதலையே.

— உங்களைச் சேர்த்தது நம்ம கவர்மெண்ட்டு. மேல போங்க.

— ஊர்... சதுரங்கப்பட்டினம்.

— லண்டன்ல உக்காந்துகிட்டு எழுதறவனுக்கு திருப்போரூர் இன்னா, சதுரங்கப்பட்டினம் இன்னா? ரெண்டும் ஒரே ஜில்லாதானே.

— பக்தவத்சலம் சார், கடைசியா ஒரு வரி இருக்கு. படிக்கட்டுமா?

— தயங்காம படிங்க சார். ஒரு மகனா நான் பெருமைதான் படுவேன்.

— நெருங்கிய உறவு: மனைவி. பேர் ரெபேக்காள்.

— யாரு?

— ரெபேக்காள்.

— எங்கம்மா பேரு சாரதாம்பாள்!

— எனக்கு இன்னா தெரியும் சார்? பேப்பர்ல அப்டித்தான் இருக்கு.

— ஐயோ! சின்னப்பொண்ணு, கேட்டியா? இப்ப எல்லாம் புரியுது. சதுரங்கப்பட்டினத்துல ஒரு குடும்பம் வச்சிருந்திருக்கார்! மதம் மாறி, பச்சை குத்தி...

— அண்ணா, கொஞ்சம் மூச்சு வுடு.

— வெள்ளிக்கிழமை ஆனா செங்கல்பட்டுக்குப் போவாரே, ஞாபகம் இருக்கா? முருகனைக் கும்புட்டுட்டு முதல் பஸ் ஏறிடுவார். கேட்டா ஸ்டேஷனுக்குப் போறேன்பார். பட்டாளத்து ஞாபகத்துல பிளாட்பாரத்துல உக்காந்துட்டு வர்றார், பாவம்னு நாம விட்டுட்டோம். இப்ப தெரியுதா எதுக்குப் போனார்னு? அவ அங்க வருவா!

— நாக்குல புண்ணு வரும்ணா. செத்தவரப் பத்தி இன்னா பேச்சு பேசுற!

— உனக்கு இன்னா, பூக்கூடை. எனக்குத்தான் தெரியும். வீட்டை வித்து பத்திரம் எழுதியாச்சு. வாரிசு நாம ரெண்டு பேர்னு கையெழுத்து போட்டிருக்கோம். சதுரங்கப்பட்டினத்துலேர்ந்து நாலு பேர் வந்து நாங்களும் வாரிசுதான்னு நின்னா? சார், அந்தப் பேப்பரைக் குடுங்க. ஷோகேஸ் வேணாம். போர்டு வேணாம். இப்பவே கிழிச்சுப் போட்டுடறேன்.

— கிழி பார்க்கலாம்.

— இது... ஏன் வர மாட்டேங்குது?

— லேமினேஷன் பண்ணிட்டியேண்ணா. தண்ணியில போட்டாலும் ஒண்ணும் ஆவாதுன்னு நீதான சொன்ன.

— கத்தரிக்கோல் இருக்கா சார்?

— குடுக்காதீங்க மிலிட்டரிக்காரரே! அண்ணா, குந்து. மொதல்ல குந்து. அந்த மெத்த மேலயே குந்து. நான் சொல்றதக் கேளு. உயரம் நைனாவோடது இல்ல. கையி நைனாவோடது இல்ல. கடலு, சிலுவை, ஊரு, பொண்டாட்டி, எதுவுமே நைனாவோடது இல்ல. போட்டோவும் இல்லன்னு நான் அன்னிலேர்ந்து கத்துறேன். சாவி சேரல. இன்னும் இன்னாண்ணா வேணும் உனக்கு?

— இன்னா சொல்ல வர்ற?

— பேப்பரே நைனாவோடது இல்ல. பொட்டியும் இல்ல. "இது என்னுது இல்லடா"ன்னு அந்த மனுஷன் வாழ்நாள் பூரா தமிழ்லதான சொன்னாரு? நீ மகான்னு அச்சடிச்சிட்ட, நான் பொட்டு வச்சிட்டேன். ஒருத்தராவது "அப்போ யாரோடது நைனா?"ன்னு கேட்டோமா?

— அப்போ ஹால்ல சீரியல் பல்பு போட்டு நான் தினம் கும்புடறது...

— யாரோ ஒரு மீன்காரர. நல்ல மூக்கு அவருக்கு.

— சார், இது வெளிய தெரியக் கூடாது. வருஷத் திதி பத்திரிகையிலயும் அந்தப் படத்தைப் போட்டு அடிச்சிட்டேன். ஆபீஸ் பூரா குடுத்தாச்சு. என் மானம் போயிடும். கேக்கறீங்களா, கேசவன் சார்?

— ரெபேக்காள்னா படிச்சேன்?

— ஆமா சார். நீங்கதானே படிச்சீங்க.

— சதுரங்கப்பட்டினம்னு போட்டிருக்கா? நல்லா பாருங்க.

— போட்டிருக்கு. ஏன் சார், மொகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு? தெரிஞ்சவங்களா?

— ஒரு அம்மா வருவாங்க. வெள்ளைச் சீலை. கையில ஒரு துணிப் பை, அதுக்குள்ள பைபிள். வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் முடிஞ்சு வந்து அந்த வாசப்படியில நிப்பாங்க. உள்ள வாங்கன்னா வரமாட்டாங்க. ஒரே கேள்விதான் கேப்பாங்க. நான் இல்லைன்னுவேன். போயிடுவாங்க.

— இன்னா கேப்பாங்க, மிலிட்டரிக்காரரே?

— "பொட்டிக்காரங்க வந்தாங்களா?"ன்னு.

— எந்தப் பொட்டிக்காரங்க?

— அவங்க வூட்டுக்காரர் மோசஸ். பர்மா சண்டை முடிஞ்சு எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பினாங்க பாரு, அப்போ ரயில்ல வந்திருக்காரு. டப்பா முழுக்க பட்டாளத்து ஆளுங்க, எல்லாருக்கும் ஒரே மாதிரி கறுப்பு டிரங்குப் பொட்டி. செங்கல்பட்டுல இறங்கற அவசரத்துல இன்னொருத்தர் பொட்டியைத் தூக்கிட்டு இறங்கிட்டாராம். வீட்டுக்குப் போனா சாவி சேரலை.

— ஐயோ.

— அடுத்தவன் பூட்டு, உடைக்கக் கூடாதுன்னு சாகற வரைக்கும் திறக்கவே இல்லையாம். ஸ்டேஷன் மாஸ்டர்கிட்ட சொல்லியிருக்காரு. உடையவன் தேடி வருவான், ஸ்டேஷனுக்கு அப்பப்ப வந்து பாருன்னு சொல்லியிருக்காரு அவரு. அதனால ஞாயித்துக்கிழமை ஆனா கோயில் ஆராதனை முடிஞ்சதும் செங்கல்பட்டு ஸ்டேஷனுக்கு வந்து, பிளாட்பாரத்துல உக்காந்திருப்பாராம்.

— ஞாயித்துக்கிழமையா?

— ஞாயித்துக்கிழமைம்மா.

— நைனா வெள்ளிக்கிழமை வருவாரு. சாமி கும்புட்டுட்டு வெள்ளிக்கிழமை. அந்த மனுஷன் ஞாயித்துக்கிழமை. ஒரே ஸ்டேஷன்ல ஆளுக்கு ஒரு நாள் குந்திகினு, ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமலே செத்துக்கீறாங்களேண்ணா! நைனா போனன்னிக்குக்கூட எனக்கு இப்டி அழுவ வரல.

— அழாத சின்னப்பொண்ணு. இந்தா, கர்ச்சீப்பு. சார், அந்த அம்மா இப்ப உயிரோட இருக்காங்க இல்ல?

— போன ஜனவரியில வந்தாங்க. நடை கொஞ்சம் தள்ளாட்டம்.

— அப்போ இந்தப் பேப்பருக்கு வூடு கீதுண்ணா. சதுரங்கப்பட்டினத்துல கீது. ஷோகேஸும் வேணாம், ரிசார்ட்டும் வேணாம். நாமளே எட்த்துகினு போய் அவங்க கையில குடுத்துட்டு வந்துடலாம். அந்தப் போட்டோவையும் பெருசோட கழட்டிக் குடு. சீரியல் பல்ப நீயே வச்சிக்க.

— குடுத்துடறேன். குங்குமத்துக்கு இன்னா சொல்றது?

— நான் சொல்லிக்கறேன். பேர்ல பொட்டு வச்சதுக்கு அவங்க கோச்சிக்க மாட்டாங்க.

— கேசவன் சார், எனக்கு ஒண்ணு புரியலை. பொட்டிக்காரங்க வந்தாங்களான்னு அந்த அம்மா உங்ககிட்ட எதுக்குக் கேக்கறாங்க? அவங்க வீட்டுல இருக்கற பொட்டிக்கு நீங்க இன்னா பண்ணுவீங்க?

— அவங்க வீட்டுல இல்ல சார்.

— பின்ன?

— மோசஸ் தவறின வருஷமே அந்த அம்மா அதை இங்க கொண்டாந்து குடுத்துட்டாங்க. உடையவங்க பட்டாளத்து ஆளு, எப்பவாவது உங்க சங்கத்துக்குத்தான் வருவாங்க, வந்தா குடுங்கன்னு. அன்னிக்கு அவங்களுக்கு சால்வை போட்டு, போட்டோ எடுத்து, பேப்பர்லகூட போட்டோம். ஆளைத் தேடறதுக்கு ஒரு கமிட்டி போட்டோம். நான்தான் அதுக்கும் செயலாளர்.

— தேடினீங்களா?

— கமிட்டி போட்டோமே சார்.

— பொட்டியில பேர் எழுதியிருக்குமே! பட்டாளத்துப் பொட்டியில மூடி மேல வெள்ளை பெயிண்ட்டுல இங்கிலீஷ்ல பேரும் நம்பரும் எழுதுவாங்க. நம்ம வீட்டுப் பொட்டியில அப்பா வெளிய போன நேரமா பார்த்து அம்மா பொங்கலுக்குப் பொங்கல் பச்சை பெயிண்ட் அடிச்சு அடிச்சு மறைஞ்சு போச்சு. அந்தப் பொட்டியில இருந்திருக்கணுமே?

— இருந்துச்சு சார். ஏதோ எழுதியிருந்துச்சு. மோசஸுக்கும் அந்த அம்மாவுக்கும் இங்கிலீஷ் படிக்கத் தெரியாது.

— படிச்சீங்களா இல்லையா?

— நீங்க படிச்சீங்களா சார்? நாங்களும் படிக்கலை. மூடி வேற நல்லா அகலமா, ஸ்ட்ராங்கா இருந்துச்சு. சங்கத்துல எப்பவும் நாற்காலிக்குத் தட்டுப்பாடு...

— மிலிட்டரிக்காரரே! நைனா பொட்டிய இன்னா பண்ணீங்க? வித்துட்டீங்களா?

— ஐயோ, விக்கலைம்மா. இங்கதான் இருக்கு. உன் சுருக்குப் பையில இருக்கற அந்தச் சாவியை எடு. பக்தவத்சலம் சார், நீங்க கொஞ்சம் எழுந்திருங்க. வந்ததுலேர்ந்து அது மேலதான் உக்காந்திருக்கீங்க.